வாரத்துக்கு விட்ட பல்லி

16 மார்ச், ஞாயிறு

நான் வளர்க்கும் தடித்த வால் சிறுத்தைப் பல்லிகளில் பொட்டைகள் இரண்டையும், செவலையையும் கரும்புள்ளியையும், வல்லத்தில் தங்கை அனுஷா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். இரண்டுக்கும் வயிற்றில் முட்டை. நம் வீடு கடைக்கு மேலே, தகரக் கூரை. பங்குனி பிறந்த உடனே உள்ளே நிற்க முடியவில்லை. இந்தச் சூட்டில் முட்டை வெந்துதான் போகும். அவள் வீடு ஓட்டு வீடு, தடித்த சுவர், பின்னறை எப்போதும் குளுமை.

ஆளுக்கொரு பெட்டி. முட்டையிட, ஈரமான தேங்காய் நார்த்தூள் போட்ட டப்பா தனியாக. பூச்சி, கால்சியம் பவுடர் எல்லாம் கொடுத்தாயிற்று. ஆண் மட்டும் இங்கே. கூட விட்டால் அது பொட்டைகளைச் சும்மா விடாது.

ஆடு வாரத்துக்கு விடுவதுபோல்தான் பேச்சு. தாய் எனக்கு, பொரிக்கும் குஞ்சில் பாதி வளர்ப்பவளுக்கு. "பல்லிய வாரத்துக்கு விட்ட மொத ஆளு நீதாங்க்கா" என்று சிரித்தாள்.

பாதி என்று சொன்னது சரிதானா? குஞ்சு ஒன்று ஆயிரக்கணக்கில் விலை போகும். பிறப்பது எத்தனை என்று அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

23 மார்ச், ஞாயிறு

போய்ப் பார்த்தேன். இரண்டையும் தூக்கி, அடியில் செல்போன் டார்ச் அடித்தேன். தோலுக்குள் வெள்ளையாக இரண்டிரண்டு முட்டை தெரிந்தது. நல்லது. இனிக் கணக்கு தப்பாது.

26 மார்ச், புதன்

சொல்லாமல் ஒரு நடை போனேன். ஃபேன்சி ஸ்டோர் கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு ஆளின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் போய்விடும், கையைத்தான் பார்ப்பாள். கிளிப்பும் பொட்டும் ஜாக்கெட்டுக்குள் போவதை எத்தனை பார்த்திருக்கிறேன்! சொல்லிவிட்டுப் போனால் ஒன்றும் தெரியாது.

பரண்மேல் புதிதாக ஒரு தெர்மகோல் பெட்டி, டேப் ஒட்டி. "இன்னா அது?" என்றேன். அனுஷா புருஷன் சிவசங்கர், "முட்டைய எடுத்து வெக்கறதுக்கு ரெடி பண்ணேங்க்கா" என்றான். இன்னும் போடாத முட்டைக்கு இப்போதே பெட்டியா? அப்படி என்ன அவசரம்?

செவலையைத் தூக்கி, வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.

30 மார்ச், ஞாயிறு

செவலையின் டப்பாவில் நார்த்தூள் நன்றாகத் தோண்டியிருக்கிறது. தோண்டினால் போட்டிருக்க வேண்டும்தானே? முட்டை இல்லை.

அனுஷாவைக் கேட்டேன். "அது தோண்டுது, நீ வந்து தூக்கிடுற. பயந்துபோய் நிறுத்திடுது. கொஞ்ச நாளைக்கு வராம இருக்கா" என்றாள். அப்போது அவள் வீட்டுச் சுவரில் பல்லி ஒன்று சத்தம் போட்டது. "பாரு, சத்தியம்" என்றாள். அது அவள் வீட்டுப் பல்லிதானே, அவளுக்குத்தான் சொல்லும்.

வராமல் இரு என்கிறாள். ஏன்?

2 ஏப்ரல், புதன்

சிவசங்கர் பஜாருக்கு வந்தும் கடைக்குள் எட்டிப் பார்க்காமல் போனான்.

4 ஏப்ரல், வெள்ளி

எழுதியே ஆக வேண்டும்.

மதியம் போனேன். செவலை இளைத்துப் போயிருந்தது. வால் சுருங்கி, இடுப்பெலும்பு தெரிந்தது. போட்டாச்சு, எடுத்தாச்சு — அதுதான் எனக்குத் தோன்றியது. தூக்கப் போனேன். அனுஷா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா, பயந்தா முட்டை வெளிய வராம உள்ளயே அடைச்சிக்கும்." பார்க்க விடமாட்டாளாம்! பரணிலிருந்து தெர்மகோல் பெட்டியை இறக்கி டேப்பைக் கிழித்தேன். ஈர நார்த்தூள் மட்டும். "எங்க மாத்தி வெச்ச?" என்று கேட்டுவிட்டேன். கேட்டுட்டேன், ஆமாம்.

"உங்கடைக்கு வர்றவள பாக்குற மாதிரி என்னப் பாக்குற" என்றாள். அழவில்லை.

செவலையைப் பெட்டியோடு ஸ்கூட்டியில் வைத்து, அந்த வெயிலில் கொண்டுவந்துவிட்டேன். இன்னொரு பெட்டி வைக்க இடமில்லை. கரும்புள்ளி அங்கேயே.

மாலை. டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டும் உள்ளேயே இருக்கிறது.

5 ஏப்ரல், சனி

பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறது. ஈரத்துணி, டேபிள் ஃபேன், எல்லாம் செய்கிறேன். தகரம் கொதிக்கிறது. மாட்டாஸ்பத்திரி டாக்டர், "பல்லிக்கு நான் ஊசி போட்டதில்லம்மா" என்று கையை விரித்துவிட்டார்.

"தங்கச்சிகிட்டயே கொண்டுபோய் விடு. அங்க குளுமையா இருந்தா போட்டாலும் போடும்" என்கிறார் என் வீட்டுக்காரர்.

எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுப் போறது? போனை எடுத்து அவள் பேரை அழுத்தினேன். மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

போகவில்லை. நாளைக்குப் போகலாம்.

7 ஏப்ரல், திங்கள்

செவலை செத்துவிட்டது. இவர்தான் வேப்பமரத்தடியில் புதைத்தார். புதைக்கும் முன் ஒருமுறை திருப்பிக் காட்டினார். நான் பார்க்க மாட்டேன் என்றேன். பார்த்தேன். வெள்ளையாக இரண்டும் அப்படியே.

நான்தான் கொன்றேன்.

9 ஏப்ரல், புதன்

அனுஷாவுக்குப் போன் செய்து சொன்னேன். எப்படிச் செத்தது என்று அவள் கேட்கவில்லை. "கரும்புள்ளி நேத்து போட்டுச்சு, ரெண்டு" என்றாள். மன்னிச்சிடு என்று சொல்ல வாயெடுத்தேன். "அடுப்புல பால் இருக்குது" என்று வைத்துவிட்டாள்.

22 ஜூன், ஞாயிறு

கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து சிவசங்கர் வந்தான். கரும்புள்ளி இருந்த பெட்டியைக் கீழே வைத்தான். கல்லாமேல் சின்ன டப்பா ஒன்றை வைத்து மூடியைத் திறந்தான். கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட குஞ்சுகள்.

"அனுஷா வரலையா?"

"பஸ் ஸ்டாண்டுல நிக்குறாங்க்கா."

கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் எவ்வளவு தூரம்? கூப்பிட்டால் கேட்கும்.

"வாரம்னா ஒண்ணு உங்களோடதுதானே தம்பி" என்றேன்.

"ரெண்டையும் குடுத்துட்டு வரச் சொன்னா. எதுக்கும் அக்காவ எண்ணிப் பாத்து வாங்கிக்கச் சொல்லுன்னா."

நான் எண்ணாமலே டப்பாவை மூடப் போனேன். அவன் போகவில்லை. டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். என்ன செய்வான், அவனிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வாய்விட்டு எண்ணினேன். ஒன்று. இரண்டு.

"சரிங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.