ஏழாவது கையெழுத்து

அன்புள்ள அப்பா,

அத்தை வீட்டில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எழுதுகிறேன். அரசாங்கம், போலீஸ், கோர்ட்டு எல்லாம் நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவை. உங்களைப் பிடித்துப்போக அவை இப்போது எங்குமே இல்லை என்று தெரிந்தும் எதற்கு ஓடினீர்கள்?

நம் சலவைக்கடை பாய்லர் வெடித்துத் தையற்கார மாமாவின் சுவர் இடிந்த மறுநாளே, அந்தப் பாய்லரால் வரும் சேதத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட அக்கம்பக்கத்து ஏழு பேரில் ஆறு பேர் செங்கல்லோடு வந்துவிட்டார்கள். ஏழாவது ஆள் யார் என்று தாளைப் பார்த்தேன். தையற்கார மாமாவேதான்! வலது கையில் கட்டோடு வந்து, இடது கையால் செங்கல் எடுத்துக் கொடுத்தார்.

"அடிபட்டதே உங்களுக்குத்தான். போய்ப் படுங்கண்ணே," என்றாள் அம்மா.

"பாய்லருக்கு நானும்தானேம்மா பொறுப்பு? இடிஞ்சது என் சுவருங்கிறதுக்காகக் கழண்டுக்க முடியுமா?" என்று சிரித்தார்.

நான் படித்த எந்த ராஜாவும் இப்படிப் பேசியதில்லை.

சுவர் எழும்பிவிட்டது. புதுப் பாய்லருக்கும் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஏழு பேர் போடாமல் கடையைத் திறக்க முடியாது. மாமாவிடம் தாளை நீட்டினேன்.

"பாய்லர் வெடிக்கும், அது தெரிஞ்சுதான் போட்டேன். ஆனா ஓடிப்போற ஆளுக்கு எப்படிக் கண்ணு பொறுப்பேத்துக்கிறது? உங்கப்பன் வந்து என் முன்னாடி நிக்கட்டும்."

அம்மா உள்ளே போய்விட்டாள். நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'அப்பா வெள்ளிக்கிழமைக்குள் வருவார், அதற்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாமா சிரிக்கவில்லை. இரண்டு முறை படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
உங்கள் மகள்