சின்ன ஆறு இரண்டாவதாக

செப்டம்பர் 4
இயக்குநர் இன்று இன்னொரு வி.எம். (மெய்நிகர்க் கணினி) கேட்டார். பயிற்சிப் பிரிவுக்காம். இடமில்லை என்றேன். "கண்ணுக்கே தெரியாத கம்ப்யூட்டர்தானே, அதுக்கு எதுக்குய்யா இடம்?" என்று சிரித்தார். இரண்டே சர்வர்கள். அவற்றுக்குள் பத்தொன்பது கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கின்றன. உள்ளதைவிட இரண்டு மடங்கு கோர்களை, அதாவது கணக்குப் போடும் மூளைகளை, பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்காதவரை பிழைப்பு ஓடும். மூன்றாவது சர்வர் பற்றிக் கேட்டேன். அடுத்த வருடமாம்.

செப்டம்பர் 11
ஆத்தக்கா வந்தார். வெள்ளக் கணிப்புப் பிரிவின் தலைவி; ஆற்றைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்பதால் அலுவலகம் வைத்த பெயர். பெரிய ஆற்றுக்கு ஒன்று, சின்ன ஆற்றுக்கு ஒன்று என அவருக்கு இரண்டு வி.எம். மழை அளவைக் கொடுத்தால் எந்தக் கரையில் எப்போது தண்ணீர் ஏறும் என்று கணக்கிட்டுச் சொல்லும்.

"தண்ணி இத விட வேகமா வருதேப்பா," என்றார். எட்டுக் கோரைப் பதினாறாக மாற்றினால் என்ன என்று கேட்டார். மாற்றிக் காட்டினேன். இன்னும் மெதுவானது.

"பதினாறு கோரும் ஒண்ணா காலியா கிடைச்சாதான்க்கா வேலை நகரும். எட்டுக்கே வரிசையில நிக்க வேண்டியிருக்கு."

செப்டம்பர் 23
மழை விடவில்லை. தங்கச்சியிடம் பேசினேன். வீடு மேட்டில் இருக்கிறது, அவளுக்கும் குழந்தைக்கும் பயமில்லை. மாப்பிள்ளையின் பேட்டரிக் கடைதான் சின்ன ஆற்றின் கரையிலேயே.

செப்டம்பர் 25
இன்றே எழுதிவிடுகிறேன்.

காலையில் சர்வர் அறைக் கூரை ஒழுகி ஒரு சர்வர் போய்விட்டது. அதிலிருந்த வி.எம்.கள் மற்ற சர்வருக்குத் தாவப் பார்த்தன. கொள்ளாது என்று அது மறுத்துவிட்டது. சம்பளம், மின்னஞ்சல், இணையதளம், பயிற்சி — எல்லாவற்றையும் நிறுத்தினேன். "எத வேணா நிறுத்துப்பா" என்றார் இயக்குநர், குரலே எழும்பாமல். அப்போதும் போதவில்லை. இரண்டு ஆற்றுக் கணக்கையும் சேர்த்து ஓட்டினால் இரண்டுமே வெள்ளம் வந்த பிறகுதான் முடியும். ஒன்றை மட்டும் ஓட்டினால் அது நேரத்துக்கு முடிந்துவிடும். மற்றது அதற்கப்புறம்.

ஆத்தக்கா கண்ணாடியைக் கழற்றினார். "உன் தங்கச்சி சின்ன ஆத்துப் பக்கம்தானே?"

"ஆமாக்கா."

"நீ வெளில போ. நான் முடிவு பண்ணிக்கறேன்."

பெரிய ஆற்றின் கரையில் நெருக்கியடித்த குடியிருப்புகள், ஒரு மருத்துவமனை.

"இதுல முடிவு பண்ண என்னக்கா இருக்கு? பெரிய ஆறு முதல்ல." என் வாய்தான் சொன்னது.

ஓட விட்டுவிட்டுத் தங்கச்சியை அழைத்தேன். "மாப்பிள்ளைய உடனே மேட்டுக்கு வந்துடச் சொல்லு."

"எச்சரிக்கை விட்டுட்டாங்களா அண்ணா?"

"இல்ல... இன்னும் கணக்கு வரல."

"வராமயே எப்படி சொல்றீங்க? இப்பதான் பேசினாரு, புது பேட்டரி எல்லாம் தரையில கிடக்காம். வண்டில ஏத்திட்டு வந்துடறேங்கறாரு."

கெஞ்சினேனா? இல்லை. எனக்கே நிச்சயமில்லை, குரல் எங்கிருந்து வரும்? கத்தியாவது தொலைத்திருக்கலாம்.

பெரிய ஆற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. சின்ன ஆற்றுக் கணக்கு பாதிகூட ஓடவில்லை, அதற்குள் தங்கச்சி அழைத்தாள். அழுகை மட்டும்தான் கேட்டது.

செப்டம்பர் 27
மாப்பிள்ளையின் உடல் கிடைத்துவிட்டது. பாலத்துத் தூணருகே.

அக்டோபர் 2
பெரிய ஆற்றங்கரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மருத்துவமனையை முழுக்கக் காலி செய்துவிட்டார்கள். எல்லோரும் வந்து கைகொடுக்கிறார்கள். கொடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆத்தக்கா மட்டும் கைகொடுக்கவில்லை. "தங்கச்சி கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லு. நான் தாங்கிக்கறேன்" என்றார்.

அக்டோபர் 9
கேட்டுவிட்டாள். தங்கச்சி வீட்டுக் கூடத்தில் ஆட்கள் எல்லாம் போன பிறகு, மாப்பிள்ளையின் சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க ஆத்த ரெண்டாவதா வச்சீங்களாமே. யாரு முடிவு அது?"

ஆத்தக்காவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தாம்மா."

மடித்த சட்டையைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். "அங்க நெறைய பேரு இல்ல?" என்றாள். "ஆமா" என்றேன். "போங்கண்ணா. நீங்க இருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

அக்டோபர் 21
தங்கச்சி என் போனை எடுப்பதில்லை.

மார்ச் 6
மூன்றாவது சர்வர் வந்து இறங்கியது. அடுத்த வருடம் என்றார்கள், சொன்ன சொல் தவறவில்லை! இரண்டு ஆற்று வி.எம்.களுக்கும் அதன் கோர்களை நிரந்தரமாக ஒதுக்கினேன். பயிற்சிப் பிரிவுக்கு மீதியில் கொஞ்சம் கேட்டார் இயக்குநர். நான் பதில் சொல்வதற்குள் "சரி சரி, வேணாம்" என்று போய்விட்டார்.

சோதனைக்குப் பழைய மழை அளவுகளைப் போட்டு ஓட்டினோம். செப்டம்பர் 25-இன் அளவுகள். இரண்டு கணக்கும் நேரத்துக்கு முடிந்தன. ஆத்தக்கா என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 16
காலையிலிருந்து அடை மழை. மதியம் போன். தங்கச்சி! அந்த அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. எப்படி இருக்கிறாய் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"எங்க ஆத்துக் கணக்கு ஓடுதா?"

"ஓடுதும்மா. ரெண்டும் சேர்ந்தே ஓடுது."

அவள் பக்கத்திலும் மழைச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சதும் சொல்லுங்க. நாளைக்கு பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பறதா வேணாமான்னு பாக்கணும்."

முடிந்தது. தண்ணீர் கரைக்குள்தான் நிற்கும். அழைத்து, அனுப்பலாம் என்றேன்.

"சரி" என்றாள். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.