பாதி ஆணிகள்

அன்புள்ள டொரீன்,

நீயும் பிள்ளைகளும் நலமா? என் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் நலம்.

சாலை வேலை இல்லாத ஞாயிறுகளில், பழைய மடாலயம் இருந்த நிலத்தில் என் உலோகம் காட்டும் கருவியோடு பழங்காசு தேட அனுமதி கேட்டு விவசாயி ஹாகெட்டின் கதவைத் தட்டினேன்.

"ராத்திரில திருட்டுத்தனமா தோண்டுறவன் மூஞ்சிதான்யா உனக்கு" என்றார். கண்ணாடி பார்த்தவன் ஆதலால் நான் மறுக்கவில்லை. கிடைப்பதில் சரிபாதி அவருக்கு என்று வழக்கம்போல் எழுதிக் கொடுத்தேன். அப்போதும் மடாலயப் பக்கம் விடாமல், எப்போதோ ஒரு கொட்டகை எரிந்துபோன மேட்டை மட்டுமே காட்டினார்.

ஒரு வாளி துருப்பிடித்த ஆணிதான் கிடைத்தது. தன் டிராக்டர் டயரைக் காப்பாற்றத்தான் என்னை விட்டாரோ என்று சந்தேகம். அவரோ ஆணிகளைச் சரிபாதியாகப் பிரித்து என் பங்கைக் கொடுத்தார்.

"குழியெல்லாம் ஒழுங்கா மூடியிருக்க. அடுத்த ஞாயிறு மடாலயப் பக்கம் வா. நானும் கூடவே நிப்பேன், உன்னை நம்ப முடியாது."

கம்பளிக் காலுறையோடு நம் வீட்டுக் குவளை ஒன்றையும் அனுப்பு. காவலுக்கு வருகிறவர் இரண்டு பேருக்குத் தேநீர் கொண்டுவருவாராம். காவலுக்கு வருகிறாரா, பேச்சுத் துணைக்கு வருகிறாரா என்பதுதான் இப்போது என் பெரிய சந்தேகம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் ஆல்ஃப்