புத்தூர் சம்பந்தியின் துருக்கிப் பகிஷ்காரம்

நகரி,
25-5-2025

அன்பு மகள் ரோஹிணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே நலம், இஸ்தான்புல்லில் உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கத் திருச்சானூர் தாயாரை வேண்டிக்கொண்டேன். போனில் பேசினால் உன் நைனா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அதனால் பேப்பரில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை உன் கல்யாண விஷயமாகப் புத்தூருக்கு, கிரண்குமார் வீட்டுக்குப் போனோம். தட்டு மாற்ற நாள் குறிக்கத்தான் போனது. அவன் அப்பா தரணி இப்போது பெரிய வெளியுறவு மந்திரி, பாகிஸ்தானோடு நடந்த சண்டையை டிவியில் நாலு நாள் பார்த்ததில் வந்த பதவி. துருக்கி பாகிஸ்தான் பக்கம் பேசிவிட்டது, அந்த நாட்டோடு நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தெருவுக்கே பாடம் எடுக்கிறார். ஆப்பிள் வாங்கினால் ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறாராம். பார்க்கட்டும், கோபம் எனக்கும்தான் இருந்தது. ஆனால் போன தை மாதம் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இதே மனிதர்தான் தரையைக் காட்டி, இந்த மார்பிள் கல்லு துருக்கியிலேர்ந்து கப்பல்ல வந்துது, பாத்து நடங்க என்றார். அந்த ஹால் முழுக்க இப்போது ஜமக்காளம், ஒரு மூலைகூடத் தெரியவில்லை. இந்த வெயிலில் அதன் மேல் உட்கார்ந்து எனக்கு முதுகெல்லாம் வேர்வை. கல்லைப் பெயர்க்க அவருக்கு மனசு வரவில்லை, என் பெண்ணின் வேலையைப் பெயர்க்க மட்டும் வருகிறது. பொண்ணு ஒரு மாசத்துல வேலைய உட்டுட்டு வந்துடணும், அந்த ஊரு துணி கம்பெனில சம்பளம் வாங்கிக்கினு இருந்தா எங்க மானம் என்னாவறது என்றார்.

அதற்குள் உன் நைனா கேசரித் தட்டைக் காலி செய்துவிட்டார். சம்பந்தம் முடிவாகும் முன்னே அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று பஸ் ஏறும்போதே மூன்று தடவை சொல்லியிருந்தேன், நெய் வாசனையில் மறந்துவிட்டாராம். தரணி அதைப் பிடித்துக்கொண்டார். அதான் கை நனைச்சிட்டீங்களே சம்பந்தி, இன்னும் என்னா பேச்சு என்று சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துன்னது அவுரு, வேணும்னா அவரையே வெச்சிக்கோங்க, நான் பச்சத் தண்ணி கூட தொடல என்றேன். கிரண்குமாரைப் பார்த்து, நீ என்னாப்பா சொல்றே என்று கேட்டேன். நாலு மாதமாக உன்னோடு போனில் பேசுகிறவன், தலையைத் தூக்காமல், அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தே என்றான். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று விசைத்தறியில் நிற்கும்போதுதான் உறைத்தது. மார்ச்சில் உங்கள் ஊர் மேயரை உள்ளே போட்டபோது, ஓட்டுப் போட்ட ஜனங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மேலேயே முடிவு செய்கிறார்கள் என்று அரை மணி நேரம் என்னிடம் கொதித்தாய். தரணி உன்னைக் கேட்கவில்லை என்று குதித்த நானும் உன்னைக் கேட்கவில்லை. அவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன பெண் நீ. தறியை நிறுத்திவிட்டு அழுதேன். அவன்தான் வேண்டும் என்றால் நானே திரும்பப் போய், தப்பு என்னுடையது என்று தரணியிடம் சொல்கிறேன். எனக்குக் கசக்கும், ஆனாலும் போவேன். வேண்டாம் என்றால் அதையும் நீயே சொல்.

விசாவில் இருக்கிறவள், கூட்டம் கூடும் இடத்துக்குப் போகாதே. வேளைக்குச் சாப்பிடு. தாயார் உன் கூடவே இருந்து நல்ல வழி காட்டட்டும்.

உன் கல்யாணத்தை உன்னைக் கேட்காமல் கலைத்துவிட்டு வந்த அம்மா,
பத்மினி