பல்லில் கடித்த பறி

என் அக்காவுக்கு,

நீ போன் மேல் போன் போட்டும் நான் எடுக்கவில்லை என்று கோபிக்காதே. தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. இந்தச் சென்னைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த நாளிலிருந்து ஏழாம் வகுப்போடு கத்திக்கொண்டே இருந்தேன். ஒரு பிள்ளையும் மதிக்கவில்லை. நேற்று ஊருக்கே திரும்பிவிடலாமென்று பெட்டியைக்கூட எடுத்து... சரி, அதை விடு.

இன்று வரைபடம் மாட்ட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் சாக்பீஸ் பையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். திரும்பினால் வகுப்பே என்னைப் பார்க்கிறது.

"இன்னா மிஸ், பைய வாயில கவ்வினு கீறீங்க?" என்றாள் யாமினி.

அன்று என்னைப் பஸ் ஏற்ற வந்தபோது, இறால் பறியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "நம்ம தொழில அங்க யாராண்டயும் சொல்லாதடி" என்றாயே? சொல்லிவிட்டேன் அக்கா. கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: 'என் அக்கா பழவேற்காடு ஏரியில் பறி என்ற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பாள். வாயைத் திறந்தால் பறி போய்விடும்.'

அவ்வளவுதான். அத்தனை பேரும் சாப்பாட்டுப் பையைக் கடித்துக்கொண்டு தரையைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை! வகுப்பு காலியென்று நினைத்துப் பூட்ட வந்த எச்.எம். பூட்டும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு பிள்ளைகள் வரைபடத்தில் நம் ஏரியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள்.

"உங்க அக்காவ இட்டுனு வாங்க மிஸ்" என்று ஒரே பிடிவாதம். சனிக்கிழமை வா. பறியை முந்தானைக்குள் வைக்காதே. எல்லோரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடக் கேட்டுக்குள் நுழை.

உன் தங்கை,
ஏழாம் வகுப்பு டீச்சர்