நஸீரா ராத்தா வரைந்த குடும்பத்தில் ஒருவர் அதிகம்

என் அன்பு நஸீரா ராத்தா,

நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் உங்கள் பழக்கம் என்னிடம் நடக்காது.

நீங்கள் போன பிறகு நடந்த முதல் ஆய்வாளர் கூட்டம் நம் மாத்தளையிலேயே நடந்தது. மரபணு ஆராயும் எல்லாக் குழுக்களும் தங்களிடமுள்ள இரத்த மாதிரிகளையும் குடும்ப வரைபடங்களையும் ஒரே பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பதென்று பேச்சு. நீங்கள் எத்தனை வருடமாகக் கேட்டது! உங்கள் நிபந்தனையையும் மறக்காமல் சொன்னேன்: அந்தந்த வீட்டில் மறுபடி கேட்காமல் ஒரு குடும்பத்தையும் களஞ்சியத்தில் சேர்க்கக்கூடாது.

"ஒரு தடவ கையெழுத்து வாங்கியாச்சே செல்வி. இன்னும் எத்தன தடவ மல ஏறுறது?" என்றார் தலைமை தாங்கியவர்.

நான் பதில் சொல்வதற்குள் ஓர் இளம் ஆய்வாளர் துள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார். இரட்டையரைக் கண்டுபிடித்துவிட்டாராம். இன்னொரு குழு எடுத்த ராமையாவின் இரத்தமும், நாம் எடுத்த கருப்பையாவின் இரத்தமும் அச்சு அசலாக ஒன்று. (உண்மைப் பெயர்கள் அல்ல, பயப்படாதீர்கள். ஏற்கெனவே இரண்டு பெயர் உள்ள மனிதருக்கு நான் இன்னும் இரண்டு வைத்திருக்கிறேன்.) ஆனால் உங்கள் வரைபடத்தில் ராமையா மூன்று வயது மூத்த அண்ணன். மூன்று வருட இடைவெளியில் யாருக்காவது இரட்டைப் பிள்ளை பிறக்குமா?

"அப்ப இந்தப் படங்கள நம்ப ஏலாதே. நஸீராவோட கோப்புகள இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்" என்றார் தலைவர்.

எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியும். "ராத்தா வீடு வீடா உக்காந்து பிளேன்டி குடிச்சு எழுதுனதுங்க அது! ஒரு மாசம் தாங்க, நான் போய்ப் பாத்துட்டு வாறேன்" என்று கத்தினேன். கையில் பாதி கடித்த மாலுபனிஸ், உள்ளே வைத்த மீன் வெளியே எட்டிப்பார்க்கிறது. அதைத்தான் தலைவரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாளே இரத்தோட்டை பஸ் பிடித்தேன். ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் வழக்கம்போலப் பனிமூட்டத்தில் மூடிக்கிடந்தது. கருப்பையா தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடிக்குத் தடி ஊன்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "அந்த மிஸ் வரலீங்களா?"

நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று சொன்னேன். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு நான் கேட்காமலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அண்ணன் எளவயசுலயே போயிட்டாருங்க மிஸ். எனக்கு அப்ப பேர் பதியல. அவரு பேருலயே வேலைக்கு எறங்கிட்டேன். தோட்டத்துச் செக்ரோல் பதிவுல இன்னைக்கும் நான்தான் ராமையா."

தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், அந்தப் பதிவைப் பார்த்துத்தான் மற்றக் குழு இரத்தம் எடுத்திருக்கிறது. பின்னர் நாம் போனபோது தன் சொந்தப் பெயரைச் சொல்லி மறுபடி கை நீட்டியிருக்கிறார். அண்ணன் ஏற்கெனவே இரத்தம் கொடுத்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று உங்களிடம் கூசாமல் சொல்லியும் இருக்கிறார். ஊரையே துருவித் துருவிக் கேட்ட உங்களையே ஏமாற்றிவிட்டார், ராத்தா!

"ஏன் பொய் சொன்னீங்க அண்ணே?"

"செத்தவங்க கட்டத்துக்கு அந்த மிஸ் குறுக்க ஒரு கோடு போட்டாங்க. எங்கப்பாவுக்குப் போட்டதப் பாத்தேன். அண்ணன அப்பிடி அடிச்சி விட மனசு வரலீங்க."

ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு ஒரு கோடு. நமக்கு அது வெறும் குறி. அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியுமென்று நாம் ஒருநாளும் யோசிக்கவில்லையே, ஏன்?

வீட்டாருக்கு விளக்குவதற்காக நீங்கள் வரைந்து வைத்த உங்கள் சொந்தக் குடும்பத் தாளை எடுத்துக் காட்டினேன். உங்கள் வாப்பாவின் கட்டத்துக்குக் கோடு இருக்கிறது. அதற்குக் கீழேதான் நீங்கள் இருக்கிறீர்கள். "கோடு போட்டாலும் கட்டம் அப்பிடியே இருக்கும் அண்ணே. பேரும் இருக்கும்" என்றேன்.

நெடுநேரம் பார்த்தார். "அப்பிடின்னா அண்ணனுக்கும் போடுங்க. எடம் இருந்தாச் சரி." பிறகு உங்கள் வட்டத்தின்மேல் விரலை வைத்தார். "இந்த மிஸ்ஸுக்கு நீங்க இன்னும் போடலியே?"

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அந்த இளம் ஆய்வாளர் உட்பட. சிரிப்பு அடங்கியதும், "இது வீட்டுக்குப் போனாத்தான் தெரியும். கம்பியூட்டருக்குத் தெரியாது. போறதுதான் போறோம், சம்மதத்தையும் கேட்டுட்டு வருவோமே" என்றேன். உங்கள் நிபந்தனையைக் களஞ்சியத்தின் முதல் விதியாகத் தலைவர் தன் கையாலேயே எழுதினார். நம் கோப்புகள் எல்லாம் உள்ளே, ராத்தா!

நேற்று உங்கள் குடும்பத் தாளை மேசையில் விரித்து உங்களுக்கும் கோடு போட்டேன். கொஞ்சம் கோணல். திட்டாதீர்கள். வட்டம் இருக்கிறது. பெயரும் இருக்கிறது.

இனி ஏறும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தாளைத்தான் முதலில் விரிப்பேன். கோட்டுக்கு அர்த்தம் சொல்லாமல் யாருக்கும் கோடு போடமாட்டேன், கேட்காமல் யாரையும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். இது சத்தியம்.

அந்தத் தாளில் எந்த மூலையிலும் இல்லாத,
உங்கள் தங்கச்சி
செல்வி