பட்டன் டப்பாவில் இருந்த மூடி

ஆஸ்பத்திரியில் தம்பிக்குத் துணையாக இருப்பவளுக்கு,

நீ கேட்ட மாற்றுத் துணியோடு இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

போன புதன்கிழமை துவைக்கும்போது என் சட்டைப் பையில் ஒரு பித்தளை மூடி கிடந்ததே, நினைவிருக்கிறதா? "இது என்னங்க, வேணுமா?" என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினாய். போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "பட்டன் டப்பால போட்டு வை" என்றேன்.

முந்தின நாள்தான் சப்ஸ்டேஷனில் டிரான்ஸ்பார்மரின் புஷ்ஷிங்கைச் சோதித்தேன். மின்கம்பி உள்ளே இறங்கும் பீங்கான் தூண் அது. அதன் அடியில் உள்ள மூடியைக் கழற்றி மீட்டரை மாட்டினால் இன்சுலேஷனின் நிலை தெரியும். பிறகு மூடியைத் திரும்பத் திருகினால்தான் அந்த முனை எர்த் ஆகும்; இல்லாவிட்டால் மின்சாரம் ஓட ஓட உள்ளுக்குள் பொறி பறந்து ஒருநாள் வெடித்துவிடும். தூறல் விழுந்ததும் அவசரமாக இறங்கினேன். அளவுகள் அருமையாக வந்திருந்தன. 'எல்லாம் பழையபடி மாட்டப்பட்டது' என்ற இடத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் புஷ்ஷிங் வெடித்தபோது உன் தம்பி அங்கே ஷிப்டில் இருந்தான். நடுவில் இரண்டு நாள் இருந்தது. ஒரு போன் போதும், நிறுத்தியிருப்பார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அவன் கண்ணில் கட்டோடு, "மாமா டெஸ்ட் பண்ணதுங்க, அதுல கோளாறு இருக்காது. நான்தான் எதையோ கவனிக்கல" என்றானாம். நீ பெருமையாகச் சொன்னாய். நான் உம் கொட்டினேன்.

மூடியை விசாரணைக்காரர்களிடம் கொடுத்துவிட்டு இன்றே ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அவனிடம் நானே சொல்கிறேன். அப்போது நீ என்னைத் திரும்பிப் பார்க்காவிட்டால், ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை.

உன் வீட்டுக்காரன்